நம் பகுதிக்கு நாமே திட்டம் போட்டபோது: உங்கள் அனுபவம் என்ன?

தெருமுனை எழுதியது:

எங்கள் பகுதியைச் சீரமைக்க மக்களிடமே கருத்துக் கேட்கிறோம் என்று ஒரு கூட்டம் போட்டார்கள். திரையில் பளபளவென்று ஒரு வரைபடம். பேசியது எந்தக் கூட்டத்திலும் பேசுகிற அதே நாலு பேர்தான், அதுவும் வண்டி நிறுத்த இடம் பற்றி மட்டும். பின்வரிசைப் பெண்கள் தங்களுக்குள் விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். மைக்கை நீட்டியதும் "ஒண்ணுமில்லை" என்று சிரித்துவிட்டார்கள்.

அதன் பிறகு எங்களில் சிலர் வேறு வழியில் முயன்றோம். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருந்த டோனி கிப்சன் 1970களில் உருவாக்கிய முறை அது. பகுதி முழுவதையும் அட்டையில் மாதிரியாகச் செய்து மேசைமேல் வைக்க வேண்டும். விளக்கு, மரம், பெஞ்ச், கழிப்பறை, நடைபாதை என்று எழுதிய சீட்டுகள் பக்கத்தில் இருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்து வேண்டிய இடத்தில் வைக்கலாம். பேரும் சொல்ல வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம். மாதிரியைப் பள்ளிப் பிள்ளைகளே செய்தார்கள். துண்டு துண்டாகக் கழற்றும்படி செய்ததால் தெருத் தெருவாக எடுத்துப்போக முடிந்தது.

விளக்குச் சீட்டு ஒன்றுகூடப் பெரிய சாலையில் விழவில்லை! அத்தனையும் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வரும் குறுக்குச் சந்தில். அலுவலக வரைபடத்தில் அப்படி ஒரு பாதையே கிடையாது, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வெற்றிடம் என்றுதான் இருக்கிறது. வண்டி நிறுத்தக்காரர்களும் சும்மா இருக்கவில்லை, பிள்ளைகள் விளையாடும் இடத்தில் தங்கள் சீட்டை வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது மேசையின் ஓரத்துக்குப் போயிருந்தது. நகர்த்தியது யார் என்று தெரியாததால் யார்மேலும் கோபப்பட வழியில்லை, பேச்சு இடத்தைப் பற்றி மட்டுமே நடந்தது. கடைசியில் சீட்டுகளை உடனே, அப்புறம், பின்னாளில் என்று மூன்றாகப் பிரித்தோம். உண்மையான வாக்குவாதம் அங்கேதான் தொடங்கியது, ஏனென்றால் யாருடைய சீட்டும் "பின்னாளில்" போக மறுத்தது.

உங்கள் பக்கம் எப்படி?

வரைபலகை எழுதியது:

நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன், நகரமைப்பு வேலை. மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் வரைந்து காட்டினார். அடியில் ஏமாற்று, உச்சியில் மக்கள் கட்டுப்பாடு. நான் போன கூட்டங்கள் பெரும்பாலும் மூன்று, நான்காம் படியோடு நின்றன. அதாவது தகவல் சொல்வார்கள், கருத்துக் கேட்பார்கள், அவ்வளவுதான். வந்த கருத்தையெல்லாம் தொகுத்து நான் கொடுத்த அறிக்கை எந்த அலமாரியில் இருக்கிறதோ.

அதனால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: மேசையில் வந்த முடிவை ஏற்றே ஆக வேண்டியவர் யார்? இங்கிலாந்தில் 2011இல் வந்த சட்டப்படி ஒரு பகுதி மக்கள் தங்கள் திட்டத்தைத் தாங்களே எழுதலாம். தனி ஆய்வாளர் ஒருவர் அதைப் பார்ப்பார், பிறகு பொதுவாக்கெடுப்பு. விழுந்த வாக்குகளில் பாதிக்கு மேல் ஆதரவு என்றால் அது சட்டப்படி செல்லும் திட்டமாகிவிடும், அங்கே கட்டட அனுமதி கேட்டால் அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் உள்ளாட்சியின் மேல்மட்டத் திட்டம் கேட்கிற வீடுகளைவிடக் குறைவாக எழுத முடியாது. பலருக்கு இது கசக்கிறது. எனக்கு இந்த விதி பிடிக்கும். இது இல்லாவிட்டால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் கதவைச் சாத்துவதற்கே திட்டம் போடுவார்கள்.

சந்துவாசி எழுதியது:

அலமாரிக்குப் போகாத திட்டம் ஒன்று சொல்கிறேன். பாகிஸ்தானின் கராச்சியில், ஒராங்கி என்ற ஏழைக் குடியிருப்பில் சமூகப் பணியாளர் அக்தர் ஹமீத் கான் 1980இல் தொடங்கியது. இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒரு சந்துதான் அங்கே அலகு. வீட்டுக்காரர்கள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்து, பணம் திரட்டி, கழிவுநீர்க் குழாயைத் தாங்களே பதித்தார்கள். கானின் அமைப்பு கொடுத்தது தொழில்நுட்ப ஆலோசனை, பணம் அல்ல. ஒப்பந்ததாரர் இல்லை, வடிவமைப்பும் எளிது, அதனால் செலவு வெகுவாகக் குறைந்தது. பெரிய குழாயும் சுத்திகரிப்பும் அரசின் வேலை என்று கோடு போட்டுவிட்டார்கள்.

எங்கள் சந்தில் அந்த அளவுகூட இல்லை, மழைநீர் வடிகால் மட்டும் செய்தோம். மேட்டில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் தேங்குவதே இல்லை, அவர்கள் எதற்குப் பணம் தருவார்கள்? பள்ளத்து வீடுகள் கூடுதலாகக் கொடுப்பதாக முடிவாயிற்று. நியாயமா என்று கேட்டால், இல்லை. மேட்டுத் தண்ணீர்தானே பள்ளத்துக்கு வருகிறது. ஆனாலும் வேலை முடிந்தது.

வாடகைவாசி எழுதியது:

யாரும் வாடகைக்காரரைப் பற்றிப் பேசவில்லையே. நான் குடியிருந்த பகுதியில் மரம் வைத்தோம், சுவருக்கு வண்ணம் அடித்தோம், கிடந்த குப்பைமேடு பூங்காவாயிற்று. வேலைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வாடகைக்காரர்கள். தெரு அழகானதும் வாடகை ஏறியது. மண்வெட்டி பிடித்த பலர் இப்போது வேறு எங்கோ இருக்கிறார்கள், நானும்தான். திட்டக் கூட்டத்தில் இந்த ஆபத்தைச் சொன்னபோது, "நல்லது நடக்கும்போது ஏன் அபசகுனமாகப் பேசுகிறீர்கள்" என்றார்கள்.

அமெரிக்காவில் பாஸ்டனின் டட்லி தெருப் பகுதி மக்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். வீடுகள் எரிந்தும் இடிந்தும் காலி மனைகளாகக் கிடந்த இடம், வெளியாட்கள் குப்பை கொட்டும் இடமும் கூட. 1984இல் பகுதியைச் சீரமைக்க ஓர் அமைப்பு உருவானபோது நிர்வாகக் குழுவில் குடியிருப்போருக்குச் சில இடங்கள்தான் ஒதுக்கியிருந்தார்கள். மக்கள் சண்டை போட்டுப் பெரும்பான்மை வாங்கினார்கள். அங்கே வாழ்ந்த நான்கு இனக்குழுக்களுக்கும், எண்ணிக்கை எதுவானாலும், சம இடங்கள். 1988இல் காலி மனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரமும் நகர நிர்வாகத்திடமிருந்து கிடைத்தது. நிலத்தைத் தனியாரிடம் விடாமல் ஓர் அறக்கட்டளையின் பேரில் வைத்துக்கொண்டார்கள். வீடு மட்டும் குடும்பத்துடையது, நிலம் நீண்டகாலக் குத்தகை. விற்றால் விலைக்கு வரம்பு உண்டு, அதனால் அடுத்து வருகிறவருக்கும் கட்டுப்படியாகிற வீடாகவே இருக்கும்.

இப்போது நான் இருக்கும் இடத்தில் இப்படி ஒரு நில அறக்கட்டளை பற்றிப் பேச்சு நடக்கிறது. முட்டுக்கட்டை கடன்தான். நிலம் உன் பேரில் இல்லையே என்று வங்கி இழுக்கிறது. குத்தகை நிலத்து வீட்டுக்குக் கடன் வாங்கியவர்கள் இங்கே இருந்தால், பத்திரத்தில் என்ன நிபந்தனை சேர்த்த பிறகு வங்கி ஒப்புக்கொண்டது என்று எழுதுங்கள்.