லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் துணி டயபர் சரிவருமா?

மடிப்பாக்கம்அம்மா:
பையனுக்கு நாலு மாதம். கடை டயபர்தான் போடுகிறோம், தினமும் சேரும் குப்பையைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. துணிக்கு மாறலாம் என்றால் வீட்டுக்காரர், "துவைக்கிற தண்ணீர், கரண்ட், சோப்பு எல்லாம் சேர்த்தால் ரெண்டும் ஒன்றுதான், வெளிநாட்டில் ஆராய்ச்சியே பண்ணியிருக்கிறார்கள்" என்கிறார். கோடை வந்தால் எங்களுக்கு லாரித் தண்ணீர்தான். துணி நிஜமாகவே நல்லதா?

கணக்கப்பிள்ளை:
அவர் சொல்வது பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமையின் 2008 அறிக்கையாக இருக்கும். ஒரு குழந்தைக்கு இரண்டரை வயது வரை கடை டயபர் என்றால் சுமார் 550 கிலோ கரியமில வாயு, துணி என்றால் 570 கிலோ. ஆனால் அந்த 570 வெந்நீரில் துவைத்து, சில வீடுகளில் டிரையரிலும் உலர்த்துகிற ஊரின் கணக்கு. கொடியில் காயப்போட்டு, மிஷினை நிறைத்து ஓட்டி, அடுத்த குழந்தைக்கும் அதையே போட்டால் அந்த 570-ல் சுமார் 200 கிலோ மிச்சமாகும் என்று அதே அறிக்கையில் இருக்கிறது, அதை மட்டும் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை. 2023-ல் அங்கேயே வந்த புது ஆய்வில் துணிக்கு 25 சதவீதம் குறைவு. கடை டயபரில் மரக்கூழ், பிளாஸ்டிக், ஈரம் உறிஞ்சும் ஜெல் என்று தயாரிப்பிலேயே பெரும்பங்கு போய்விடுகிறது. துணியில் பெரும்பங்கு துவைப்பதில், அது நம் கையில் இருக்கிறது.

ரெட்டைப்பிள்ளை:
எல்லாம் சரி சார், துவைக்கிறவர் முதுகுவலி எந்த அறிக்கையில் வருகிறது? சிஸ்டர், உங்கள் வீட்டுக்காரர் அலசித் தருவார் என்றால் மாறுங்கள். லாரிக்குக் காசு கொடுக்கும் இரண்டு மாதமும் கடை டயபர் போட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

மொட்டைமாடி:
விலை உயர்ந்த செட் வாங்க வேண்டாம்மா. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து மடித்தாலே பகலுக்குப் போதும், ராத்திரிக்கு மட்டும் கடை டயபர் போடுங்கள். ஆய் பட்டதை டாய்லெட்டில் அலசிவிட்டுத்தான் மிஷினில் போட வேண்டும். கம்ஃபர்ட் மாதிரி எதையும் ஊற்றாதீர்கள், துணி ஈரத்தை இழுக்காது. வெயிலில் காய்ந்தால் கறையும் வாடையும் பாதி போய்விடும்.

அப்புறம், ராத்திரி டயபரைத் தயவுசெய்து பேப்பரில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். திடக்கழிவு விதிகளிலேயே இருக்கிறது. எங்கள் தெருவில் காய்கறிக் கழிவோடு சேர்த்துக் கட்டிப் போடுகிறார்கள், வண்டிக்கார அம்மா கையால் பிரித்து எடுக்கிறார். எத்தனை கிலோ கரியமில வாயு என்பதை விட எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

மடிப்பாக்கம்அம்மா:
நன்றி. பகலுக்குத் துணி, அலசுவது அவர் பொறுப்பு என்று பேசி முடித்தாயிற்று. ஐப்பசி கார்த்திகை மழையில் காயாதே, என்ன செய்வது?

மொட்டைமாடி:
ஃபேனுக்கு அடியில் கொடி கட்டுங்கள். அப்படியும் ஈரம் நின்றால் போடவே வேண்டாம், குழந்தைக்குப் புண் வந்துவிடும். அந்த வாரம் கடை டயபர்தான்.