மறு: 'பேட் செக்டர்' – பழுதா, சொத்தையா?

அனைவருக்கும் வணக்கம்.

'பேட் செக்டர்' (bad sector) என்பது வன்தட்டில் சரியாகப் படிக்கவோ எழுதவோ முடியாமல் போன சிறு பகுதி. அதற்குத் தமிழில் 'பழுதான வட்டக்கூறு' என்று வைத்துக்கொள்ளலாம் என நம் மொழிபெயர்ப்புக் குழுவில் போன வாரம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. நானும் சரி என்றுதான் எழுதியிருந்தேன். அந்தச் சம்மதத்தை இப்போது திரும்பப் பெறுகிறேன். 'பழுது' வேண்டாம். ஏன் என்பதை நேற்று முன்தினம் வரை என் மேசையில் கிடந்த ஒரு மடிக்கணினியை வைத்தே சொல்கிறேன்.

காசிமேட்டில் எங்களுக்குத் தெரிந்த அக்கா ஒருவர். வீட்டுக்காரருக்கு ஒரு விசைப்படகு இருக்கிறது. கணக்கு முழுக்க அக்கா கையில்: டீசல், ஐஸ், ஆட்களுக்குக் கொடுத்த முன்பணம், ஏலத்தில் மீன் போன விலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும். அப்போது உட்கார்ந்துதான் வருஷக் கணக்கைத் தீர்ப்பார்கள். இந்தத் தடவை அந்த நேரம் பார்த்துக் கணினி நின்று நின்று ஓடியது. ஒரு கடையில் கொடுத்தார். சி டிரைவை மட்டும் அழித்து, இயங்குதளத்தை மறுபடி நிறுவி, "பழுது பார்த்தாச்சு" என்று கொடுத்தார்கள். நன்றாகத்தான் ஓடியது, பத்து நாள். பிறகு டி டிரைவில் இருக்கும் கணக்குக் கோப்பைத் தொட்டாலே திரை அப்படியே நிற்கிறது. காதை வைத்தால் உள்ளே டிக், டிக் என்று சத்தம்.

யூஎஸ்பியிலிருந்து லினக்சைக் கிளப்பி வன்தட்டின் ஸ்மார்ட் பட்டியலை, அதாவது தட்டு தன் நிலையைத் தானே எண்ணிக் குறித்துவைக்கும் பட்டியலைப் பார்த்தேன். 5ஆம் எண்ணில் 184: தட்டு கைவிட்டு, வேறிடம் கொடுத்துவிட்ட கூறுகள். 197ஆம் எண்ணில் 72: படிக்க முடியாமல், என்ன செய்வது என்று தீர்மானமாகாமல் கிடப்பவை.

நம் விவாதத்துக்கு முக்கியமானது இந்த 197தான். படிக்க வராத கூறு ஒன்றைத் தட்டு உடனே தள்ளிவிடாது. அந்த இடத்தில் புதிதாக ஏதாவது எழுதச் சொல்லும்போதுதான் சோதிக்கும். எழுத முடிந்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடும்; முடியாவிட்டால், இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும் உபரிக் கூறு ஒன்றுக்கு அந்த முகவரியை மாற்றிவிடும். ஆக, இயங்குதளத்தை மறுபடி நிறுவும்போது எங்கெல்லாம் எழுதுகிறோமோ அங்கெல்லாம் 197 குறையும். கணினியும் வேகமாக ஓடும். தட்டின் பரப்போ அப்படியேதான் இருக்கிறது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஓடுவதைப் பார்த்துத்தான் கொடுத்தார். ஆனால் 'பழுது' என்றதும் தமிழில் அடுத்து வரும் சொல் 'பார்த்தல்' அல்லது 'நீக்கம்'. பழுதென்றால் சரிசெய்யக்கூடியது. இதைச் சரிசெய்ய முடியாது, விலகித்தான் போக முடியும்.

இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அக்கா இடையில் கேட்டார்: "அப்போ போன தபா இன்னாதான் பண்ணாங்க? சொத்தப் பல்லு மேல பேஸ்ட்டு போட்டு வெளக்கி வுட்டுக்கிறாங்க. அப்டிச் சொல்லு தம்பி."

சொல் கிடைத்துவிட்டது என்று அந்த இடத்திலேயே எனக்குத் தோன்றியது. சொத்தைக் கூறு.

> சொத்தை பேச்சுச் சொல். ஆவணத்தில் நிற்காது.

இந்த மறுப்பு எழும் என்று தெரியும். 'பழுது' முன்மொழிந்த ஐயா வேறொரு சொல்லுக்கு முன்பு எழுதியதைத்தான் மேலே மாற்றிப் போட்டிருக்கிறேன். சொத்தைப் பல், சொத்தை நகம், சொத்தைக் கத்தரிக்காய். பல் மருத்துவர்கள் பலகையிலேயே எழுதும் சொல் இது. போனது போனதுதான், அப்படியே விட்டால் பரவும் என்ற இரண்டும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. வினையும் தானாக வருகிறது: தட்டில் சொத்தை விழுந்துவிட்டது. கோப்பு முறைமை குறித்துவைக்கும் 'பேட் பிளாக்' பட்டியலைச் சொத்தைப் பட்டியல் எனலாம். 'பழுதான வட்டக்கூறுகளின் பட்டியல்' என்று திரையில் எந்தப் பொத்தானில் அடக்குவது?

'வட்ட' என்பதும் தேவையில்லை என்றே நினைக்கிறேன். பள்ளிக் கணக்குப் புத்தகத்து வட்டக்கோணப்பகுதி, மையத்திலிருந்து விளிம்பு வரை போகிற துண்டு. வன்தட்டில் நாம் சொல்வதோ ஒரே தடத்தில் இருக்கும் சின்னஞ்சிறு பகுதி. முன்பு 512 பைட், 2011 வாக்கில் வந்த தட்டுகளிலிருந்து பெரும்பாலும் 4096. சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் வட்டமே கிடையாது. வெறும் 'கூறு' இரண்டுக்கும் பொருந்தும்.

கணக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கெட்டுப்போன தட்டிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை இரவு முழுக்க ஓடவிட்டு வேறொரு தட்டுக்குப் படியெடுத்தேன். அது நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எது வந்தது, எது வரவில்லை என்பதை ஒரு கோப்பில் கூட்டல், கழித்தல், கேள்விக்குறி என அடையாளமிட்டு வைக்கும். காலையில் பார்த்தால் நெடுக கூட்டல் குறி, நடுவே நாலைந்து கழித்தல். ஜனவரிக் கணக்கு மட்டும் திறக்கவில்லை. அக்கா பழைய டீசல் பில்களைக் கட்டோடு எடுத்துவந்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார், நான் ஏற்றினேன். ரிச்சி தெருவில் புது எஸ்எஸ்டி வாங்கி டெபியன் லினக்ஸ் நிறுவிக் கொடுத்தாயிற்று. பழைய தட்டைத் தூக்கிப் போடவில்லை, இந்தச் சொற்களைச் சோதித்துப் பார்க்க என்னிடம் இருக்கிறது.

ஆகவே என் முன்மொழிவு: 'பேட் செக்டர்' சொத்தைக் கூறு. 5ஆம் எண்ணுக்கு, இடம் மாற்றிய கூறுகள். 197க்குத்தான் இன்னும் மனம் ஒப்பவில்லை. 'காத்திருக்கும் கூறு' என்றால் ஏதோ வரிசையில் நிற்பதுபோல இருக்கிறது. 'ஐயக் கூறு' என எழுதிப் பார்த்தேன்; சொத்தையா இல்லையா என்ற சந்தேகம் அதில் வருகிறது, ஆனால் வாயில் சட்டென்று வரவில்லை. 'பழுது' முன்மொழிந்த ஐயாவும், நம் குழுவின் எஸ்எஸ்டி இழையில் எழுதிய இன்னோர் அக்காவும் இதற்கு ஒரு சொல் தாருங்கள். மொழிபெயர்ப்புக் கோப்பில் அந்த ஒரு வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.