இன்டிசைனில் தமிழ்ச் சாய்வெழுத்தின்மேல் பிங்க் பட்டை: உதவி தேவை

செந்தூல் வாசகி:
வணக்கம். கோயில் கும்பாபிஷேக மலர் செய்கிறேன். ஏ5 அளவு, ஒரு பக்கம் மலாய், எதிர்ப்பக்கம் தமிழ். மலாயில் பிறமொழிச் சொல்லும் நூல் தலைப்பும் ஹுருஃப் சொண்டோங்கில், அதாவது சாய்வெழுத்தில்தான் வரவேண்டும். தமிழ்ப் பக்கத்திலும் நூல் தலைப்புகளைச் சாய்க்கச் சொல்கிறார் செயலாளர். எழுத்துரு கேட்டமரன். வேர்டில் சாய்வுப் பொத்தானை அழுத்தினால் அழகாகச் சாய்கிறது. பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளுக்குக் கொண்டுபோனால் அந்தச் சொற்களின்மேல் மட்டும் பிங்க் பட்டை, எழுத்துரு இல்லையாம். இரண்டு முறை மறுபடி நிறுவிவிட்டேன். வியாழக்கிழமை அச்சகத்தில் கொடுக்கணும்.

பிரிக்பீல்ட்ஸ் அச்சுக்காரன்:
தங்கச்சி, எழுத்துருவில் கோளாறு இல்லை. கேட்டமரனில் 100 முதல் 900 வரை ஒன்பது தடிமன் இருக்கு, சாய்வு ஒன்றுகூட இல்லை. வேர்டு நேரெழுத்தைத் தானே தள்ளிச் சாய்த்துக் காட்டும். இன்டிசைன் அதைச் செய்யாது, இல்லாத பாணியைக் கேட்டால் பிங்க் போடும். அந்தச் சொற்களை 'ரெகுலர்' ஆக்குங்க, பட்டை போய்விடும்.

செந்தூல் வாசகி:
போய்விட்டது, நன்றி அண்ணே. ஆனால் சாய்வும் போச்சு. கேரக்டர் பேனலில் ஸ்கியூ, அதாவது எழுத்தைத் தள்ளிச் சாய்க்கும் வசதி, 12 பாகை கொடுத்துப் பார்த்தேன். மலாய்ப் பக்கத்து ஹெல்வெட்டிகாவும் 12 பாகைதான், அது நன்றாக இருக்கு. தமிழில் 'ழ்', 'ற்' பார்க்கவே சகிக்கவில்லை. ஏன்?

ஜார்ஜ்டவுன் எழுத்துப்பித்தன்:
அம்மா, இதை விளக்காமல் போக மனசு வரவில்லை. ஒரு வளையத்தைத் தள்ளிச் சாய்த்துப் பாருங்கள். வலது மேல்மூலையும் இடது கீழ்மூலையும் தடிக்கும், மற்ற இரண்டும் மெலியும். அக்கறையுள்ள வடிவமைப்பாளர் சாய்த்தபின் ஒவ்வொரு வளைவையும் கையால் திருத்துவார். 1928இல் வந்த கில் சான்ஸில் சாய்வுக்கென்று ஆங்கிலச் சின்ன 'a' எழுத்தின் உருவத்தையே மாற்றி வரைந்தார்கள். ஹெல்வெட்டிகாவில் அதே 'a' சாய்ந்து நிற்கும், அவ்வளவுதான். லத்தீனில் நேர்க்கோடு நிறைய, தாங்கிக்கொள்ளும். நம் எழுத்தில் சுழி அதிகம், ஒவ்வொன்றிலும் பழுது தெரியும்.

மெய்ப்புள்ளி இன்னும் மோசம். உயரம் கூடக்கூட நகர்வும் கூடும். 12 பாகையில், அடிக்கோட்டிலிருந்து 7 பாயிண்ட் மேலே இருப்பது ஏறக்குறைய ஒன்றரை பாயிண்ட் வலப்பக்கம் ஓடும். 9 பாயிண்ட் எழுத்தில் அது அடுத்த எழுத்தின் தலைமேல் போய் உட்காரும்.

தமிழை நிமிர்த்தியே வையுங்கள். சாதாரண வரிகள் 400 தடிமன் என்றால் நூல் தலைப்புக்கு 600, அல்லது ஒற்றை மேற்கோள்குறி. எழுத்து இடைவெளியை விரிக்காதீர்கள், 'கெ'யில் கொம்பு தனியே கழன்றுபோகும்.

பிரிக்பீல்ட்ஸ் அச்சுக்காரன்:
சாய்த்ததையும் 600ஐயும் ஒரே தாளில் அசல் அளவில் அச்சடித்துச் செயலாளர் கையில் கொடுங்க. திரையில் பெரிதாக்கிக் காட்டினால் புரியாது.

செந்தூல் வாசகி:
நேற்று ராத்திரி காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு 600ஐக் காட்டினார். மலாய்ப் பக்கம் சாய்வாகவே இருக்கட்டும் என்றார். ஸ்கியூவை எல்லா இடத்திலும் 0 ஆக்கிவிட்டேன். 32 பக்கத்தையும் தேடி மாற்ற ஃபைண்ட்-சேஞ்சில் வழி இருக்கா, இல்லை எழுத்தின் அமைப்பைப் பெயரிட்டுச் சேமிக்கும் கேரக்டர் ஸ்டைல் போடணுமா?

பிரிக்பீல்ட்ஸ் அச்சுக்காரன்:
ஸ்டைல் போடுங்க தங்கச்சி. நாளைக்கு அவர் மனசு மாறினாலும் ஒரே இடத்தில் திருத்தலாம்.