தலவாக்கலை: குளியலறைத் தரை கசிகிறது, ஒரு வரிசை டைலை மட்டும் உடைத்தால் போதுமா?

மேசன் வேலை தெரிந்த அண்ணாமாரே, ஒரு யோசனை வேண்டும்.

தோட்டத்து லயத்து வீட்டுக்குப் (தொழிலாளர் வரிசை வீடு) பின்னால் கூரை இறக்கிக் கட்டிய பத்தியில் நாலடிக்கு ஐந்தடி குளியலறை. கூலிக்குக் காசில்லாமல் நானும் தம்பியும் மார்ச்சில் டைல் பதித்தோம். ஜூன் மழையோடு குசினிப் பக்கச் சுவர் ஒன்றரை அடி உயரத்துக்கு ஊறிவிட்டது. பெயின்ட் அப்பளம் போலப் பொங்குகிறது, தட்டினால் வெள்ளை மாவு கொட்டுகிறது. அது உட்சுவர், மழை நேரே படாது.

கொங்கிரீட் தரை, மேலே சீமெந்து மணல் கலவை, 12 அங்குல டைல். சரிவு அடிக்குக் கால் அங்குலம். அடியில் வாட்டர்புரூஃப் பூசவில்லை. காசை மிச்சம் பிடித்த லட்சணம், திட்டுவதென்றால் திட்டுங்கள்.

அந்தச் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் கிடையாது. கழிவுக் குழாயில் அரை மணிநேரம் ஹோஸ் விட்டுப் பார்த்தேன், சுவரில் மாற்றமில்லை. அப்புறம் ஓட்டையைத் துணியால் அடைத்து ஓர் அங்குலத் தண்ணீர் நிறுத்தினேன். 24 மணிநேரத்தில் பாதி போய்விட்டது, சுவரும் கறுத்தது. டைல் இடுக்குகளைச் சுரண்டித் திரும்ப அடைத்து, சுவர் மூலையில் சிலிக்கனும் வைத்தேன். இரண்டு வாரம் சும்மா இருந்தது, திரும்பவும் அதே கதை. இங்குள்ள பனியில் எதுவும் சரியாகக் காய்வதுமில்லை.

கையில் 12,000 ரூபாய்தான் மிச்சம். சுவரோரத்து ஒரு வரிசையை மட்டும் பெயர்த்து, மூலையில் வாட்டர்புரூஃப் பூசினால் நிற்குமா, இல்லை முழுத் தரையையும் உடைத்தே ஆக வேண்டுமா?