36 ஆண்டுப் பழைய வீட்டை வாங்கி மாடி எழுப்புவதா, காலி மனையில் புதிதாகக் கட்டுவதா?

வாசற்படி:
வீடு கட்டி 36 ஆண்டு ஆகிறது. பாரம் முழுக்கச் செங்கல் சுவர்மேல், கூரை கான்கிரீட் தளம். வாங்கினால் மேலே ஒரு மாடி கட்டியாக வேண்டும். அதே தொகைக்கு மனை வாங்கித் தரைத்தளம் கட்டலாம். எது சரி?

தூக்குக்குண்டு:
பழையதை வாங்குங்கள். மண் அமுங்க வேண்டிய மட்டும் அமுங்கி முடிந்திருக்கும். தளத்தின் அடிப்பக்கத்தைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் சரி. பொத்தென்று கேட்டால் உள்ளே கம்பி துருவேறி உப்பி, கான்கிரீட்டைத் தள்ளியிருக்கலாம். ஓரிடத்தில் பூச்சை நீக்கி, கம்பி தெரியக் கொத்தி, தூசியை ஊதிவிட்டு, உடைந்த முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். இளஞ்சிவப்பான இடத்தில் காரத்தன்மை இருக்கிறது, கம்பிக்குக் காவல் உண்டு. நிறம் மாறாத இடத்தில் காரத்தன்மை போய்விட்டது, மேற்பரப்பிலிருந்து அதன் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். அந்த ஆழம் ஏறத்தாழ ஆண்டுகளின் வர்க்கமூலப்படி வளரும். 36 ஆண்டில் 15 மி.மீ. என்றால், 20 மி.மீ. உள்ளே இருக்கும் கம்பியைத் தொட மொத்தம் 64 ஆண்டாகும்.

ரசமட்டம்:
இந்தக் கணக்கு காய்ந்தே கிடக்கும் தளத்துக்குப் பொருந்தும். குளியலறை, பால்கனி, சன்ஷேடு போல நனைந்து நனைந்து காயும் இடங்களில் துரு வேகமாக ஏறும். கடலோரமென்றால் இன்னும் மோசம். உப்பு உள்ளே போயிருந்தால் அந்தக் கரைசல் காட்டிக்கொடுக்காது, இளஞ்சிவப்பு மாறாமலே கம்பி அரிபட்டுக்கொண்டிருக்கும். துளையிட்டுத் தூளெடுத்து ஆய்வகத்தில் குளோரைடு பார்த்தால்தான் தெரியும்.

மண் அமுங்கி முடிந்தது என்பது இப்போதுள்ள பாரத்துக்கு மட்டும். 23 செ.மீ. செங்கல் சுவரை 3 மீட்டர் உயரம் எழுப்பினால் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 1.3 டன். 12.5 செ.மீ. தளம் சதுர மீட்டருக்கு 310 கிலோ. இவ்வளவும் ஏறினால் மண் மறுபடி அமுங்கும். ஒரு மூலை மட்டும் கூடுதலாக இறங்கினால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். புதிதாகக் கட்டும்போது கடைக்காலை, அதாவது அஸ்திவாரத்தை, மாடிக்கும் சேர்த்தே அகலமாகப் போட்டுவிடலாம்.

சுவர்க்கோழி:
வயரிங்கை இருவருமே விட்டுவிட்டீர்கள். அவ்வளவு பழைய வீட்டில் எர்த் இல்லாத பிளக் பாயிண்ட் சகஜம், முழுக்க மாற்றத்தான் வேண்டும். இரும்புக் குழாயென்றால் உள்ளே துரு அடைத்திருக்கும். இரண்டுக்கும் சுவரைக் கொத்துவார்கள். பாரம் தாங்கும் சுவரில் இப்படிக் கொத்தும் பள்ளம், அதாவது காடி, கிடைமட்டமாக இருந்தால் அதன் ஆழம் சுவர்க் கனத்தில் ஆறில் ஒரு பங்கையும், செங்குத்தாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது.

தூக்குக்குண்டு:
மாடிப் பாரத்தை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், ரசமட்டம் சார் சொன்னது நியாயம். ஆனால் புதிதென்றாலே உறுதி என்பதை ஏற்க மாட்டேன். 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் என்று வையுங்கள். ஈர மணல் 100 கிலோவில் 5 லிட்டர் ஏற்கெனவே இருக்கலாம். அதை யார் கழிக்கிறார்கள்? கலவை இறுகுகிறதென்று இன்னொரு குடம் ஊற்றினால் வலு போய்விடும். பால்கனியில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அதைக் கீழே இறக்கிவிட்டால் பால்கனியே விழலாம். தளத்தில் பாத்தி கட்டிக் குறைந்தது 7 நாள், வெயில் காலத்தில் 10 நாள் தண்ணீர் நிற்க வேண்டும். இதிலெல்லாம் நேர்ந்த குறையைப் பூச்சு மூடிவிடும்.

ரசமட்டம்:
அதையெல்லாம் கூடவே நின்று தடுக்கலாமே. கம்பியைப் பலகையில் படாமல் தூக்கி நிறுத்தும் சிறு கட்டையான கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா என்று பார்க்கலாம், கம்பி இடைவெளியை டேப் பிடித்து அளக்கலாம். 36 ஆண்டுக்கு முன் போட்ட கடைக்காலை யார் போய்த் திருத்துவது?

தூக்குக்குண்டு:
திருத்த வேண்டாம், தோண்டிப் பார்க்கலாம். வாசற்படி, முன்பணம் கொடுக்குமுன் விற்பவரிடம் கேட்டு, எதிரெதிர் மூலைகள் இரண்டில் சுவரையொட்டிக் குழி எடுங்கள். கடைக்காலின் அடி தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்குக் கீழே மண்ணைப் பறிக்கக் கூடாது. அகலம், ஆழம், மண்ணின் தன்மை மூன்றையும் கட்டமைப்புப் பொறியாளரிடம் கொடுங்கள். அன்றே குழியை மூடி, மண்ணை இடித்து இறுக்குங்கள். மாடி தாங்காது என்று அவர் சொன்னால் நானும் மனைப் பக்கம்தான்.

ரசமட்டம்:
தாங்கும் என்றே சொன்னாலும், குழியில் களிமண் வந்தால் பொறுங்கள். இருக்கிற விரிசல்களின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போன பிறகு விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் அந்தச் சுவர்மேல் மாடி வேண்டாம்.