குடும்பக் குழு: தாத்தாவின் மடிக்கணினி

சனிக்கிழமை

பெரியப்பா (காலை 7.42): அப்பாவின் மடிக்கணினி இன்று திறக்கப் பதினைந்து நிமிடம் ஆனது. கடைக்காரர், இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்கிறார்.

தாத்தா (7.50): புதிது வேண்டாம். அது தேன்மொழி பள்ளியில் வாங்கியது. நான் பாதி எழுதிய குளங்கள் பற்றிய குறிப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

தேன்மொழி அக்கா (8.05): 2012-இல் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த இலவச மடிக்கணினி. அதில் விண்டோஸ் 7-உம், அதைப் போலவே கணினியை இயக்கும் இலவச மென்பொருளான பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. கல்லூரி முடியும் வரை எனக்கு உழைத்தது, தம்பி. ஏதாவது வழி சொல்.

மகேஷ்: வழி இருக்கிறது அக்கா. விண்டோஸை விட்டுவிட்டு, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றுக்கு மாறலாம். பெரியப்பா, "கம்ப்யூட்டர்" என்பதன் மேல் வலது சொடுக்கி, "ப்ராப்பர்ட்டீஸ்" பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

பெரியப்பா (8.31): 📷 படம். 32 பிட் என்று எழுதியிருக்கிறது. அது கெடுதலா?

மகேஷ்: அதில் எழுதியிருப்பது விண்டோஸைப் பற்றி. சிப் பென்டியம் பி960, அது புதிய வகையான 64 பிட். இதை முதலில் பார்ப்பது ரொம்ப முக்கியம். பழைய வகையான 32 பிட் சிப்பாக இருந்தால் கைக்கு எட்டும் லினக்ஸ் வகைகள் மிகக் குறைவு. மின்ட், லுபுண்டு என்ற இரண்டு லினக்ஸ் வகைகளும் 32 பிட் பதிப்பை எப்போதோ நிறுத்திவிட்டன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸுக்கும் 32 பிட் நிறுவி கிடையாது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. தொல்லை நினைவகத்தில்தான், 2 ஜிபி மட்டுமே.

தேன்மொழி அக்கா: பழையபடி பாஸ் லினக்ஸையே போட்டுவிடலாமே?

மகேஷ்: நல்லதுதான். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, அடித்தளம் டெபியன். ஆனால் பெரியப்பா எங்காவது சிக்கிக்கொண்டால் தேடியதும் விடை கிடைக்க வேண்டும். மின்ட், லுபுண்டு பயன்படுத்துகிறவர்கள் அதிகம், அதனால் விடைகளும் அதிகம். எதையும் இப்போதே நிறுவ வேண்டாம். ஒரு காலி பென் டிரைவில், அதிலிருந்தே கணினியைத் திறக்க உதவும் வென்டாய் என்ற மென்பொருளைப் போட்டு, ஆன்டிஎக்ஸ், லுபுண்டு, மின்டின் எடை குறைந்த பதிப்பான எக்ஸ்எஃப்சிஇ ஆகிய மூன்று லினக்ஸின் கோப்புகளையும் அப்படியே நகலெடுத்துவிடலாம். வென்டாய் போடும்போது பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதனால் கோயில் திருவிழாப் படங்கள் உள்ள பென் டிரைவை எடுக்காதீர்கள். மூன்றையும் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், ஹார்டு டிஸ்க்கைத் தொடாது.

தாத்தா (9.10): எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். தமிழ் அடிக்க முடியுமா? நான் ஹையர் தேர்வு வரை படித்தது பழைய தட்டச்சு. தமிழ்99 விசைப்பலகை எனக்கு வராது.

மகேஷ்: முடியும் தாத்தா. எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பில் தமிழ்99-உம் இருக்கிறது, நீங்கள் படித்த தட்டச்சு முறையும் இருக்கிறது. எந்த லினக்ஸாக இருந்தாலும் அதைச் சேர்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா (மாலை 4.15): மூன்றையும் ஓட்டிப் பார்த்தோம். ஆன்டிஎக்ஸ் பறக்கிறது! நினைவகம் 230 எம்பிதான் காட்டியது. லுபுண்டு 500-க்குச் சற்றுக் கீழே. மின்ட் 750 தாண்டிவிட்டது.

மகேஷ்: அப்படியென்றால் ஆன்டிஎக்ஸ்தான். நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன்.

தேன்மொழி அக்கா (4.22): அவசரப்படாதே தம்பி. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஆன்டிஎக்ஸில் தாத்தா தன் கோப்புறையைத் தேடியே களைத்துப்போனார். எழுத்தும் பொடி. மின்டில் கீழே இடது மூலையில் பட்டியல், மேசையில் "ஹோம்". யாரும் சொல்லித்தராமல் அவரே திறந்தார்.

தாத்தா: ஆமாம். இரண்டாவதும் பரவாயில்லை. மூன்றாவதில் கண் உறுத்தவில்லை.

மகேஷ்: சரி அக்கா, நீ சொல்வதுதான் சரி. இன்னொன்றும் இருக்கிறது. ஃபயர்பாக்ஸில் இரண்டு பக்கம் திறந்தால் அதுவே பல நூறு எம்பி தின்றுவிடும். எந்த லினக்ஸாக இருந்தாலும் 2 ஜிபி போதாது. மின்ட் குழுவே 2 ஜிபி குறைந்தபட்சம், வசதிக்கு 4 ஜிபி என்கிறது. எடை குறைந்த லினக்ஸைத் தேடி அலைவதைவிட, நினைவகத்துக்கு 4 ஜிபி டிடிஆர்3 மடிக்கணினி ராம் ஒன்றும், ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும் வாங்குவோம். டிடிஆர்4 ராம் கொடுத்தால் வாங்காதீர்கள், அதன் விளிம்பில் உள்ள பள்ளம் வேறு இடத்தில் இருக்கும், உள்ளே போகாது. எஸ்எஸ்டி 2.5 அங்குல சாட்டா வகை என்று கேளுங்கள்.

பெரியப்பா: பழைய டிஸ்க்கை என்ன செய்வது?

மகேஷ்: அழிக்கவே வேண்டாம். கழற்றி உறையில் போட்டு அலமாரியில் வையுங்கள். தாத்தா எழுதியது அத்தனையும் அப்படியே இருக்கும். பென் டிரைவில் ஓட்டியபோது வைஃபை, ஒலி எல்லாம் வந்ததா?

பெரியப்பா: ஒலி வந்தது. வைஃபை மூன்றிலும் வரவில்லை.

மகேஷ்: பிராட்காம் நிறுவன வைஃபை அட்டையாக இருக்கும், அதற்கான மென்பொருளைத் தனியாகப் போட வேண்டும். மின்ட் நிறுவிய பிறகு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குத் தரும் "யூஎஸ்பி டெதரிங்" போட்டு, "டிரைவர் மேனேஜர்" திறங்கள். அது கேட்பதற்குச் சம்மதம் சொன்னால் போதும்.

அம்மா (இரவு 8.03): மாமா, உங்கள் பழைய கட்டுரைகள் பாமினி எழுத்துருவில்தானே அடித்தீர்கள்? அந்த எழுத்துரு இல்லாவிட்டால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியுமே.

மகேஷ்: அம்மா, நல்லவேளை நினைவுபடுத்தினீர்கள்! டிஸ்க்கைக் கழற்றும் முன் விண்டோஸின் "ஃபாண்ட்ஸ்" கோப்புறையிலிருந்து பாமினியை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள் பெரியப்பா, தாத்தாவின் கோப்புறையையும் சேர்த்து. மின்டில் அந்த எழுத்துருக் கோப்பை இருமுறை சொடுக்கி நிறுவினால் பழையவை படிக்கத் தெரியும். பிறகு ஒவ்வொன்றாக, எந்தக் கணினியிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றித் தருகிறேன்.

அடுத்த சனிக்கிழமை

பெரியப்பா (காலை 11.20): மாட்டியாகிவிட்டது. மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ. திறக்க முப்பது நொடிகூட ஆகவில்லை. நீ சொன்னபடியே வைஃபையும் வந்துவிட்டது.

மகேஷ்: அருமை! மின்ட் 22-க்கு 2029 ஏப்ரல் வரை புதுப்பிப்பு வரும். புதுப்பிப்பு இருப்பதாகக் கேடயப் படம் காட்டும்போது மட்டும் சொடுக்குங்கள்.

தேன்மொழி அக்கா: எழுத்தின் அளவைக் கூட்டினீர்களா அப்பா?

பெரியப்பா: கூட்டிவிட்டேன். கட்டுரை எழுதும் லிப்ரே ஆபிஸிலும் கூட்டினேன்.

தாத்தா (மாலை 5.47): இதைக் கணினியிலிருந்தே அடிக்கிறேன். தட்டச்சு விசைகள் அன்று நான் படித்த இடத்திலேயே இருக்கின்றன. விரல்கள் மறக்கவில்லை. ஊரின் ஏழு குளங்களில் நான்காவது வரை எழுதியது வந்துவிட்டது, படிக்க முடிகிறது. ஐந்தாவது குளம் மருத மரத்தடிக் குளம், அதை நாளைக் காலையில் தொடங்குகிறேன். அச்சு எடுக்க முடியுமா மகேஷ்?

மகேஷ்: முடியும் தாத்தா. பிரிண்டரின் முகப்பில் மாடல் எண் இருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பெரியப்பா (5.58): 📷 படம்.