இழை: கைவரைப் படமும் மேடை இசையும் சேர்ந்த நிகழ்ச்சிக்கு ஒரு சொல் வேண்டும்

ந.:
அனைவருக்கும் வணக்கம். திரைப்பட வரலாற்றுப் பாடநூலின் முதல் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் நிற்கிறது. பாரிசில் க்ரெவின் மெழுகுச்சிலைக் காட்சியகத்தில் 1892 அக்டோபர் 28 அன்று எமில் ரேனோ தொடங்கிய நிகழ்ச்சி அது. கையால் வரைந்து வண்ணம் தீட்டிய படங்கள் திரையில் அசையும். காஸ்தோன் போலேன் அதற்கென்றே எழுதிய இசையை அங்கேயே பியானோவில் வாசிப்பார்கள். இயலின் கடைசியில், இன்று இசைக்குழுவோடு நடக்கும் இதே வகை நிகழ்ச்சியும் வருகிறது. இரண்டுக்கும் பொருந்த ஒரே சொல் கிடைக்குமா?

வே.:
நேரிசைப்படம். நேரில் இசைப்பது நேரிசை. 'நேரலை' வேண்டாம், அது ஒளிபரப்புக்குப் போய்விட்டது. 'ஒலி ஒளிக் காட்சி'யும் வேண்டாம், திருமலை நாயக்கர் மகால்தான் நினைவுக்கு வரும்.

கோ.:
வே. ஐயா, நேரிசையை யாப்பு எப்போதோ எடுத்துக்கொண்டது. நேரிசை வெண்பா, நேரிசை ஆசிரியப்பா, அப்பரின் திருநேரிசை. பதினோராம் வகுப்பு மாணவர் 'நேரிசை' என்றதும் இரண்டாம் அடியில் தனிச்சொல்லைத் தேடுவார். நம்மிடம் 'ஓவம்' இருக்கிறது, புறநானூற்றில் ஓவியத்துக்கு வந்த சொல். ஓவக்கூத்து எனலாம். நெடுநல்வாடையின் 'புனையா ஓவியம்' இன்னும் நெருக்கம். கோட்டால் மட்டும் வரைந்தது என்று உரை சொல்கிறது.

வே.:
ரேனோவின் படங்கள் வண்ணம் தீட்டியவை. 'புனையா' எப்படிப் பொருந்தும்? ஓவம் என்றால் என்னவென்று அடிக்குறிப்பு போட வேண்டிய சொல் பாடநூலுக்கு எதற்கு?

கோ.:
அடிக்குறிப்பு போடுவதுதான் பாடநூலின் வேலை. சரி, 'வரைகூத்து' என்று வைப்போம். வினைத்தொகை, ஆகவே வல்லினம் மிகாது. வரைந்த, வரைகிற, வரையும் என முக்காலமும் அடங்கும்.

வே.:
அந்த முக்காலம்தான் இடிக்கிறது. மேடையில் நின்று வரைகிறார்கள் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். இங்கே படம் முன்பே வரைந்து முடிந்தது, இசை மட்டும்தான் அந்த நேரத்தில் பிறக்கிறது. அதோடு அகப்பொருளில் 'வரைவு' திருமணம்.

மா.:
மேடை வேலை செய்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சொல் தேடும் முன் யார் யாரைப் பின்தொடர்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

ரேனோவின் 'பாவம் பியரோ' படச்சுருள் 36 மீட்டர், 500 படங்கள். ஒவ்வொன்றும் ஜெலட்டின் சதுரம். படத்துக்குப் படம் இடையில் ஒரு துளை, அதில் சக்கரத்தின் முனை மாட்டி இழுக்கும். நொடிக்கு 12 வீதம் ஓட்டினால் 42 நொடியில் தீர்ந்துவிடும். ஆனால் காட்சி கால் மணி நேரம் வரை போனது. திரைக்குப் பின்னால் நின்று சுருளைக் கையால் முன்னும் பின்னும் சுழற்றி, நிறுத்தி, மறுபடி ஓட்டினார். சுருளில் பதித்த உலோகத் தகடு மின்காந்தத்தை இயக்கி, தடியடி விழும் இடத்தில் சத்தம் எழுப்பியது. பியானோ நீண்டால் படம் காத்திருக்க முடியும்.

இன்று தலைகீழ். படம் நொடிக்கு 24 ஃபிரேம் (திரையில் விழும் தனிப்படம்), யாருக்காகவும் நிற்காது. இசைக்குழு நடத்துநரின் காதில் க்ளிக் ட்ராக் ஓடும், தாளத் தட்டை 'டிக் டிக்' என்று எண்ணிக்காட்டும் ஒலித்தடம். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் தட்டுக்கு 12 ஃபிரேம். ஒரு வரைபடத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்துவது வழக்கம், ஆகவே தட்டுக்கு 6 வரைபடம். 96 தட்டு வைத்தால் 15 ஃபிரேம் வரும். ஏழரை வரைபடம்! தட்டு ஒரு படத்தின் நடுவில் விழும், கால் தரையில் படுவதும் மேளமும் ஒட்டாது. ஒரு வரைபடத்தை மூன்று ஃபிரேம் நிறுத்தித்தான் சரிசெய்ய வேண்டும். 90 வைத்தால் 16 ஃபிரேம், 8 வரைபடம், தொல்லையே இல்லை.

இன்னொரு இடத்திலும் அடி விழும். 24-க்குச் செய்த 10 நிமிடப் படத்தை அரங்கின் கருவி 25-இல் ஓட்டினால் 9 நிமிடம் 36 நொடியில் முடிந்துவிடும். க்ளிக்கைத் தனிக் கருவியில் ஓட்டினால் இசைக்குழு கடைசி 24 நொடியை வெறும் திரைக்கு வாசிக்கும். க்ளிக்கைப் படக்கோப்பிலேயே ஓர் ஒலித்தடமாக வைத்துவிடுவது நல்லது. மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு ஒலி பத்தில் ஒரு நொடி தாமதம், அதாவது இரண்டு ஃபிரேமுக்கு மேல். பெரிய அரங்கில் முன்வரிசையையும் பின்வரிசையையும் ஒன்றாகச் சரிசெய்ய வழியே இல்லை.

எங்களுக்குள் 'லைவ் ஸ்கோர்' என்றுதான் பேசிக்கொள்கிறோம். தமிழில் எது வைத்தாலும் 'பின்னணி இசை' மட்டும் வேண்டாம். வாசிப்பவர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ச. (மட்டக்களப்பு):
மா. அக்கா சொன்னது நல்ல விளக்கம். ஆனால் 'கூத்து' என்று முடிக்கிறது எனக்குச் சரியாகப் படேல்லை. எங்கட பக்கம் கூத்து எண்டால் வடமோடி, தென்மோடி எண்ட ரெண்டு ஆட்ட முறை. ஆள் ஆட வேணும். கூத்துப் பழக்கிற அண்ணாவியார் மத்தளத்தோட நிண்டு ஆட்டக்காரரின்ர காலைப் பாத்து அடிப்பார். திரையில ஓடுற படத்துக்கு அந்தப் பேரைக் குடுத்தால் சொல் மெலிஞ்சு போகும்.

கோ.:
தோற்பாவைக் கூத்தில் ஆள் திரைக்கு முன் வருவதில்லையே, தம்பி. தோலில் வரைந்து வெட்டிய உருவம், பின்னால் விளக்கு, பக்கத்தில் பாட்டும் மேளமும். ரேனோவும் திரைக்குப் பின்னால்தான் நின்றார். திரைக்கும் நம்மிடம் சொல் உண்டு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் மூன்று எழினிகளில் கரந்துவரல் எழினி...

ந.:
கோ. ஐயா, எழினிக்குத் தனி இழை தொடங்குவோம், மன்னிக்கவும். 'பக்கவாத்தியப் படம்' என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். கச்சேரி தெரிந்தவருக்கு உடனே புரியும், ஆனால் பாடுபவரைப் பக்கவாத்தியம் தொடரும் பொருள் கூடவே வந்துவிடுகிறது.

வே.:
உடனிசை அசைபடம். அனிமேஷனுக்கு அசைபடம் ஏற்கெனவே புழக்கத்தில் உண்டு. உடனிசை கேட்டதும் விளங்கும்.

மா.:
சரி. ஒத்திகைத் தாளில் எழுதலாம், நீளமும் இல்லை.

ச.:
கூத்து இல்லை எண்டால் எனக்குச் சம்மதம்.

ந.:
நன்றி. பொதுச்சொல் 'உடனிசை அசைபடம்'. ரேனோ தன் நிகழ்ச்சிக்கு வைத்த 'பாந்தோமிம் லுமினூஸ்' (ஒளிரும் ஊமைக்கூத்து) என்ற பெயருக்கு மட்டும் 'ஒளிக்கூத்து'. ச. பொறுத்துக்கொள்ள வேண்டும், அது மேடைக் கூத்தின் பெயரைத் தாங்கியே பிறந்தது. நாளை அனுப்பிவிடுகிறேன்.

கோ.:
அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் 'உடனிசை'யை நான் ஏற்கவில்லை என்று பதிந்துகொள்ளுங்கள். படத்துடன் இசை போகிறது என்கிறது அந்தச் சொல். மா. அம்மா காட்டியபடி, ரேனோவின் கையில் படம்தான் இசையுடன் போனது. 'இசையுடன்படம்' என்றால் இரண்டு பக்கமும் நிற்கும். அடுத்த பதிப்புக்கு முன் திரும்ப எழுதுவேன்.